திரும்பி வந்த பிடியரிசி

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்தத் தீவில் சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். கடிகாரம் உங்கள் கடிகாரம்தான், சூரியன்தான் வேறு. சாத்தம் மரமில்லில் வேலை முடிந்து நான் வீடு சேரும்போது என் மனைவி செசிலி விளக்கேற்றி வைத்து உலைக்கு அரிசி அளந்துகொண்டிருப்பாள். அளந்ததில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஒருநாள் அதைப் பார்த்து, "சிடியா கே லியே?" என்றாள். குருவிக்கா என்று கேட்கிறாள். எங்கள் அரைகுறை இந்தியில் கோயில் விருந்தான அசனத்தை எப்படி விளக்குவது? செசிலி தலையாட்டிவைத்தாள். அந்த மகராசி மறுநாள் குருவிக்கென்று தன் பங்குக்கு ஒரு கிண்ணம் நொய் கொண்டுவந்து நின்றாள்.

ஊரில் அந்தோணியார் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துக் கோயிலில் கொட்டுவோம். எல்லார் அரிசியும் ஒரே கிடாரத்தில் வெந்து, ஆட்டுக்கறியோடு அசனமாகும். படகுக்காரரும் வலை இழுக்கிறவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்போம். அரிசி போட்ட குடும்பம்தான் ஊர்க்குடும்பம். அதற்குக் கோயிலில் கல்யாணம் உண்டு, கல்லறையில் இடம் உண்டு. இரண்டே வருஷம், திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் கப்பலேறினோம். எங்கே! லீவு கிடைத்தால் கப்பல் இல்லை, கப்பல் வந்தால் லீவு இல்லை. அரிசி மட்டும் சேர்ந்துகொண்டே போயிற்று. வண்டு விழாமல் வெயில் கண்ட நாளெல்லாம் செசிலி அதை உலர்த்திப் புடைப்பாள். இங்கேயும் நம் ஆட்கள் தகரக் கொட்டகைக் கோயிலில், ஆட்டுக்கு வழியில்லாமல் மான்கறி போட்டு அசனம் ஆக்குகிறார்கள். அதற்குக் கடை அரிசிதான் கொடுப்பாள். ஊர்க்கோயிலுக்கென்று வைத்த பானையைத் தொடமாட்டாள்.

போன வருஷம் எங்கள் ஊர்க்காரன் சூசை மெயின்லேண்டுக்குப் போனான். பானை அரிசியைச் சாக்கில் கட்டிக் கொடுத்து, திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் சேர்த்துவிடும்படி கெஞ்சினாள். ஊர்த் திருவிழா முடிந்த பிறகு வந்த கப்பலில் சூசை இறங்கினான். தோளில் அதே சாக்கு. துறையிலிருந்து அவனை நேரே வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"கோயில்ல வாங்க மாட்டோம்னுட்டாவ, மைனி. ஊர்ல குடியிருக்கவிய அரிசி மட்டுந்தானாம். ஒங்களுக்கு அங்கனயே கோயில் இருக்குல்லான்னு கேக்காவ."

செசிலி அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "அப்ப நம்ம செத்தா எந்த ஊருக் கல்லறைல வைப்பாவ?"

பாழாய்ப்போன வயிற்றுக்காகக் கடல் தாண்டியவன், சாக்கை உள்ளே தூக்கிவைத்தேன்.

சாமான் கப்பலுக்காக இங்கே திருவிழாவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாக்கை அவளே அவிழ்த்து இங்கத்துக் கோயில் கிடாரத்தில் கொட்டினாள். தெலுங்கர், மலையாளி, வங்காளி எல்லாரும் வயிறாரத் தின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள். செசிலி பரிமாறினாள், ஒரு பருக்கை தின்னவில்லை.

மறுநாள் காலை உலைக்கு அளந்தபோது பழக்கதோஷத்தில் ஒரு கைப்பிடி எடுத்துவிட்டாள். காலிப் பானைவரை போய் நின்றாள். உலைப்பக்கம் திரும்பினாள், அதிலும் போடவில்லை. மூடிய கையோடு வாசலுக்குப் போய்க் குருவிகளுக்கு இறைத்தாள்.