நான் மாட்டிய வயர்

நாமக்கல் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் மின்னோட்டமும் வெளியே வருவதும் ஒத்துப்போகாவிட்டால், ரிலே உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். அன்று காலை பராமரிப்பு முடிந்து, அந்த அளவுகளை ரிலேக்குக் கொண்டுபோகும் வயர்களை நான்தான் மாட்டினேன். நண்பகலில் லோடு ஏறியதும் மின்சாரம் நின்றது.

டிரான்ஸ்ஃபார்மர் பழுதென்று மூன்று மணி நேரம் சோதித்தோம். நடுவில் சாப்பிட்டும் வந்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு வயரை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். திருப்பி மாட்டியதும் எல்லாம் சரியானது.

பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் போன் செய்தார். "கரண்ட் வந்துருச்சுங்க. ஃபேன் நின்னு ஒரு ஷெட்டுக் கோழி போயிருச்சு. என்னங்க ஆச்சு?"

"டிரான்ஸ்ஃபார்மர் பழுதுங்க."

"வெயில்லயே நின்னிருப்பீங்க. சாப்புட்டீங்களா சாமி?"

"சாப்புட்டேங்க."

இன்றுவரை அவரிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.