மூன்று முறை அளந்த மூலை

உங்கள் வீட்டில் அளவெடுக்கிற டேப் இருக்கிறதா? இருந்தால் எங்காவது ஒளித்து வையுங்கள். என்னைப் போன்றவர்கள் கையில் சிக்கினால் ஆபத்து.

பம்பாய் செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் மாடிப்படிக்குக் கீழே பதினான்கு வருடமாக இஸ்திரி போடுகிறாள் இசக்கி. வீடு தாராவியில். காலை எட்டரைக்கு வந்து கரிப்பெட்டியில் நெருப்புப் போட்டால், நான்கு மாடித் துணியும் சாயங்காலத்துக்குள் மடிப்புக் கலையாமல் வாசலுக்கு வந்துவிடும். நான் வெளியே போகும்போது நாலு பேர் மதிக்கிற மாதிரி இருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நான் இல்லை... அவள்.

இந்த ஏப்ரலில் ஃபயர் சேஃப்டி பார்க்க வந்தவர்கள், மாடிப்படிக்குக் கீழே கரியும் நெருப்புமா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மே கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் இசக்கி எங்கே போவாள்?

"இப்போதான் இஸ்திரிக்கும் ஃபோனில் ஆப் வந்துவிட்டதே... வேன் வந்து துணியை எடுத்துக்கொண்டு போகும்" என்றார் ஒரு மெம்பர். கமிட்டியில் நானும் இருக்கிறேன். விடுவேனா? குரல் கட்டுகிற வரைக்கும் சண்டை போட்டேன். காம்பவுண்டின் பின்மூலையில், பம்ப் ரூம் பக்கத்தில் சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு ஷெட் போட்டுக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

சேர்மன் குல்கர்னி சாப் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார். "ஏக்தம் டீசென்ட் சாஹியே, மேடம். பார்க்க லட்சணமாக இருக்கணும். மே கடைசிக்குள் ரெடியாகணும். இல்லையென்றால் ஆப்தான்."

இசக்கி அன்றைக்கே சொன்னாள். "எக்கா, எந் தம்பி செல்வராசு ஃபேப்ரிகேஷன் வேலைதான பாக்கான். ஆங்கிள வெட்டி வெல்டு வச்சு, ரெண்டு வாரத்துல போட்டுருவான்."

நான் கேட்டேனா? தாராவிக்காரர் போடும் ஷெட் என்றதும் என் கண்ணில் வந்து நின்றது துருப்பிடித்த தகரமும் நீலத் தார்பாலினும்தான். வசதியான தமிழர்கள் வாழ்கிற மாட்டுங்காவில் வளர்ந்த திமிர், வேறென்ன? "நீ சும்மா இரு இசக்கி. உனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸா ஒண்ணு வாங்கித் தரேன்" என்றேன்.

பிவண்டிப் பக்கம் ஒரு கம்பெனி. சுவர், கூரை, கதவு எல்லாம் அங்கேயே செய்து, டெம்போவில் கொண்டுவந்து, போல்ட் போட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுவார்களாம். நமக்கு எப்படி வேண்டுமோ அப்படியே செய்து தருவார்களாம். அதற்கு ஒரு ஃபார்ம்... அம்மாடி! நீளம், அகலம், உயரம். ஜன்னல் இழுக்கிற மாதிரியா, திறக்கிற மாதிரியா? கதவு இடப்பக்கமா, வலப்பக்கமா? கலர் என்ன? முப்பது கேள்வி இருக்கும். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பத்து அடிக்கு எட்டு அடி என்று மூன்று முறை அளந்தேன். மூலைச் சுவர் மட்டும் கறையும் அழுக்குமாக இருந்தது. புது ஷெட்டுக்குப் பின்னால் இப்படியா இருப்பது? ஆளைக் கூப்பிட்டு க்ரீம் கலர் பெயிண்ட் அடிக்க வைத்தேன். பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

மே மூன்றாவது வாரம் டெம்போ வந்தது. பளபளவென்று இறங்கின பலகைகள். மாடிகளில் இருந்து ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். இசக்கி கையில் துணி மூட்டையோடு வந்து நின்று, பலகையைத் தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் தரையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எக்கா, இத எங்கன வைக்கப் போறாவ? தரையிலயேவா?"

"பின்னே, ஆகாசத்திலயா?"

"மழைக்கு இங்க தண்ணி நிக்கும்லாக்கா."

"நின்னா எவ்வளவு நிக்கப்போறது?"

குனிந்து முழங்காலில் கையை வைத்தாள். "இம்புட்டு. போன வருசம் ரெண்டு நாளா வடியவே இல்ல. சொவத்துல கோடு கணக்கா கறை இருந்துச்சே, பாக்கலியா?" என்று திரும்பியவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ... பெயிண்ட் அடிச்சிட்டியளே!"

பத்தொன்பது வருடமாக இந்தக் கட்டிடத்தில் இருக்கிறேன். மழை என்றால் நான்காம் மாடி ஜன்னலில் டீ டம்ளரோடு நின்று ஆஹா ஓஹோ என்றுதான் பழக்கம். அந்த ஜன்னல் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பின்மூலையில் தண்ணீர் நிற்பது கீழே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை நான் கேட்கவில்லை. முப்பது கேள்வி கேட்ட ஃபார்மும் இதை மட்டும் என்னைக் கேட்கவில்லை.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். தப்பு நம்முடையது என்றால் குரல் தானாக உயர்ந்துவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா?

"நீங்கதானக்கா சும்மா இருன்னு சொன்னிய."

கம்பெனி சூப்பர்வைசர் கைவிரித்துவிட்டார். தண்ணீருக்கு மேலே ஷெட் நிற்க ஒரு மேடை கட்டுவது அவர்கள் வேலை இல்லையாம். எட்டு நாளில் நாங்கள் கட்டி வைத்தால் வந்து நிறுத்தித் தருவாராம். அதைத் தவறவிட்டால் மழைக்காலம் முடிந்துதான். பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். குல்கர்னி சாபுக்கோ கோபமான கோபம். "சொசைட்டி ஆபீஸுக்கே ஓட்லா கிடையாது. இஸ்திரிக்கு ஓட்லாவா?" ஓட்லா என்றால் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டுகிற மேடை. பம்பாயில் எந்தப் பாஷைக்காரருக்கும் தெரிந்த வார்த்தை. எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மேடைச் செலவு என்னுடையது என்றதும்தான் சேர்மன் தலையை ஆட்டினார்.

இசக்கி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வெறும் மூலையா? பதினான்கு வருடப் பிழைப்பு! நான் போய் நின்று, "செல்வராசுவைக் கூப்பிடேன்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே செல்வராசு வந்தான், கொத்து வேலை தெரிந்த இரண்டு பேரோடு. ஆசையாக டேப்பை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "யக்கா, இங்கன வந்து நில்லு" என்று இசக்கியைச் சுவரோரம் நிறுத்தினான். அவள் முழங்கால் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு சாண் வைத்து இன்னொரு கோடு. அவ்வளவுதான் அளவு!

"எங்க பக்கம் வீடு பாக்கப் போனா மொதல்ல சொவத்ததான்க்கா பாப்போம். மத்ததெல்லாம் அப்புறந்தான்" என்றாள் இசக்கி. எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

இரண்டே நாளில் செங்கல்லும் ஜல்லியும் சிமென்டுமாக மேடை எழும்பிவிட்டது. நனைத்த சாக்குப் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றிக் காய விட்டார்கள். ஏறுவதற்கு மூன்று படி வேறு. எட்டாம் நாள் கம்பெனி ஆட்கள் வந்து பலகையை நிறுத்திப் போல்ட் போட்டார்கள். மாடிப்படியைக் காலி செய்யக் கெடு வைத்த தினத்துக்கு ஒரு நாள் முன்னால், இசக்கி கரிப்பெட்டியோடு படியேறினாள்.

போன செவ்வாய்க்கிழமை கொட்டியது பாருங்கள் மழை! இந்த முறை நான் டீ போடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். காம்பவுண்டெல்லாம் தண்ணீர். ஓட்லாவின் விளிம்புக்குச் சரியாக ஒரு சாண் கீழே வந்து நின்றிருந்தது. உள்ளே இசக்கி, என்னவோ வெயில் காலம் மாதிரி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஒரு சொட்டு ஒழுகலக்கா. எங்க வீடே ஒழுகுது!" என்றாள். நியாயஸ்தி. பிவண்டிக்காரர்களுக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட்டாள்.

அப்போது பார்த்தால்... பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் மூட்டையோடு தண்ணீரில் நடந்து வருகிறார் குல்கர்னி சாப். சொசைட்டி ஆபீஸுக்குள் வெள்ளமாம். மினிட்ஸ் புக், ஷேர் ரிஜிஸ்டர் எல்லாம் மூட்டைக்குள். படிக்குக் கீழே நின்று, "இசக்கி பாயி, தோடா ஜகா மிலேகா?" என்றார். இசக்கி அம்மா, கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று கேட்கிறார்!

"ஆவோ சாப். சப்பல் உதர்" என்றாள் இசக்கி.

சேர்மன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இசக்கி மினிட்ஸ் புக்கை வாங்கி, நனைந்த பக்கங்களைத் துணிக்கு நடுவில் வைத்து, சூடு தணிந்த பெட்டியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். கரன்ட் போயிருந்தது. கரிப்பெட்டிக்குக் கரன்ட் எதற்கு?

இதைப் படித்துவிட்டு, வாங்குவதா, நாமே கட்டுவதா என்று கேட்டு யாராவது லெட்டர் போடுவீர்கள். எனக்குத் தெரிந்து, மேலே பிவண்டி, கீழே தாராவி. ஆனால் எதுவானாலும், அதற்குள் நிற்கப்போகிறவரை முதலில் கேளுங்கள்.

குல்கர்னி சாப் குனிந்து, தண்ணீருக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே இருந்த ஒரு சாணைக் கையால் அளந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மேடம், ஆபீஸுக்கும் ஒரு ஓட்லா போட்டுவிடலாமா? நீங்களே அளவு எடுத்துவிடுங்கள்."

டேப் என் பைக்குள்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"இசக்கி, மழை விட்டதும் கொஞ்சம் வந்து ஆபீஸ் சுவர்கிட்ட நில்லேன்" என்றேன்.