கோடு தாண்டினால் அவுட்

எங்கள் கபடி ரசிகர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். கபடியைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்பது விதி. மீறினால் 'கோடு தாண்டிட்ட, அவுட்' என்று போட்டு நீக்கிவிடுவேன். அதனால்தான் கட்சிச் சண்டை, சாதிச் சண்டை எதுவும் உள்ளே வரவில்லை என்று எனக்குப் பெருமை.

அன்று சாயங்காலம் இறுதிப் போட்டி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ச் செல்வம் நடுவில் ஏதோ போட்டான். "ஆவுடையார்கோவில்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்பதுவரைதான் படித்தேன். எரிச்சலில் அழித்தேன். அவுட்.

ஆட்டம் முடிந்ததும் குழுவிலிருக்கும் முருகேசன் அறந்தாங்கியிலிருந்து கூப்பிட்டான். "செல்வத்தோட ஆத்தா காலையிலேருந்து போன் எடுக்கலயாம். நான் வந்துக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துத் தெருதானேடா, போய்ப் பாத்தியா?"

ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தேன். உதைத்துத் திறந்தேன். அடுப்படியில் வழுக்கி விழுந்து கிடந்த அந்த அம்மா மெல்லக் கண் திறந்தார்.

"எம்மகன் சொல்லி வந்தியாப்பா?"

"ஆமாத்தா" என்றேன். அது பொய் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துத்தான் செல்வத்தை மறுபடி சேர்த்தேன். உடனே எழுதினான்: "கோடு தாண்டிட்டேன், மன்னிச்சுக்கங்கண்ணே. ஆத்தா இப்ப எந்திரிச்சு உக்காருது."

விதியை நான் எடுத்துவிடவில்லை. ஆனால் எந்தச் செய்தியையும் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் இப்போது கை வைக்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்டதை மட்டும் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.