வாலில்லாப் பூனைக்கு எத்தனை சதவீதம்?

கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் வீட்டில் அவளுக்குப் பென்சில் என்றே பெயர். வயது இருபத்திரண்டு. டிசைன் படிப்பின் கடைசி ஆண்டில், ரெயின்கோட்டும் ஸ்கூல் பையும்கூடச் செய்யும் ஒரு குடை கம்பெனி மாணவர்களுக்கு நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். ஒரு சான்றிதழ், ஒரு சுவர்க் கடிகாரம், மேலாளருடன் ஒரு புகைப்படம். புகைப்படத்தில் கடிகாரத்தை இறுகப் பிடித்திருப்பவர் மேலாளர்தான்.

அவள் குடைத் துணிக்கு வரைந்தது பூனைகள். துணிக்கான படத்தை ஒரு சதுரத்தில் வரைவார்கள். அதே சதுரம் திரும்பத் திரும்ப விழுந்து துணியை நிரப்பும். ஓரத்தில் வெட்டுப்படும் உருவத்தின் மிச்சத்தை எதிர் ஓரத்தில் வரைந்துவிட வேண்டும். பென்சில் ஒரு பூனையை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, வாலை மறந்துபோனாள். மூன்று நடுவர்களும் கவனிக்கவில்லை. சதுரத்துக்கு ஒரு பூனை வாலில்லாமலே பரிசு வாங்கிவிட்டது.

எட்டு மாதம் கழித்து மழை வந்தது. அவளுடைய பூனைகளும் குடையேறித் தெருவுக்கு வந்தன. அவள் கைக்குத்தான் சல்லிக்காசு வரவில்லை.

"ஊரே உன் பூனைக்கடியில நடக்குது. உனக்கு பஸ்ஸுக்கு நான் காசு தரணும்" என்றாள் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா. "வரைஞ்சது போதும். ஒண்ணாம் தேதி மருந்துக்கடை பில் கவுண்டர்ல போய் உக்காரு. பேசி வச்சுட்டேன்."

ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. பென்சில் கம்பெனிக்கு போன் செய்தாள்.

"சாம்பிளுக்கு ஒரு முன்னூறு குடை போட்டோம்மா, அவ்வளவுதான்" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை ரயில் நிலையத்துக்கு எதிரே, மழையில், நோட்டும் கையுமாக நின்றாள். வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டாள். ஒரு பெரியம்மா நின்று முறைத்தார்.

"என்னம்மா, என் குடையையே பாக்கிற?"

"பூனைக்கு வால் இருக்கான்னு பாக்கறேங்க."

"எனக்குத் தலை நனையாம இருந்தா போதும். அதுக்கு வால் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ஒன்பது மணிக்குள் அறுபத்தொரு குடை. அவற்றில் மூன்று வகை. நீலத் துணியில் வாலில்லாப் பூனை. அதே நீலத்தில் யாரோ பிறகு ஒட்டிய விளக்குமாற்று வால். மஞ்சள் துணியில் அதே விளக்குமாறு. அச்சுக்கூடத்தில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தவள் அவள். மூன்று வகை என்றால் மூன்று தடவை அச்சு; ஒரு தடவைக்கு ஆயிரம் குடைக்குக் குறைந்து மெஷினை ஓட்டமாட்டார்கள் என்பது தெரியும். ஒவ்வொரு வகைக்கு நேரேயும் நோட்டில் ஆயிரம் என்று எழுதினாள்.

அடுத்த நாளே மேலாளர் அறையில் போய் உட்கார்ந்தாள்.

"காட்சிக்கு வைக்கலாம்னு போட்டிப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கியே. குடையை விரிச்சா ஊரே பாக்குது. காட்சிதானே?"

"அப்ப பாக்கறவங்ககிட்ட காசு வாங்காதீங்க, சார்."

அவர் சிரித்துப் பார்த்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"முன்னூறு குடைக்குப் போயி..."

"ரெண்டாவது தடவை அச்சடிக்கும்போது வாலை ஒட்டினது யாரு சார்? விளக்குமாறு மாதிரி இருக்கு."

"விளக்குமாறா! நான் பக்கத்துல நின்னு ஒட்ட வச்ச வாலும்மா அது" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "கடைக்காரங்க குறை சொன்னாங்க. ஒட்டினதும் ரெண்டாயிரம் குடை பறந்துடுச்சு. அப்புறம்தான் மஞ்சள்லயும் போட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பென்சில் நோட்டில் இரண்டாவது வகைக்கு எழுதிய ஆயிரத்தை அடித்துவிட்டு ரெண்டாயிரம் என்று எழுதினாள்.

"சரி, மொத்தமா ஒரு தொகை வாங்கிக்க."

"மொத்தம் வேணாம் சார். விக்கிற ஒவ்வொரு குடைக்கும், விலையில நூத்துக்கு அஞ்சு. இதுவரை வித்ததுக்கும் சேத்து. மழை இருக்கிற வரைக்கும் உங்களுக்கு வருதில்ல?"

"ரெண்டு."

"வாலை நானே ஒழுங்கா வரைஞ்சு தரேன். நாலு."

விளக்குமாறு என்ற சொல் அவரை உறுத்தியிருக்க வேண்டும். நாலுக்கு ஒத்துக்கொண்டார். தட்டச்சான ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட்ட பென்சில், மருந்துக்கடைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். 'முதல்ல என் பஸ் காசைக் குடு' என்று பதில் வந்தது.

"அவ்வளவுதானே?" மேலாளர் பேனாவை மூடினார்.

"எனக்கு அவ்வளவுதான் சார். ரெயின்கோட்டுக்கு மீன் வரைஞ்ச ரெண்டாம் பரிசும், ஸ்கூல் பைக்கு மேகம் வரைஞ்ச மூணாம் பரிசும் வெளிய பெஞ்சுல இருக்காங்க. உள்ள வரச் சொல்லவா?"