வரிசையின் தாழ்ப்பாள்

ஆர்லிந்துவை நான் முதலில் பார்த்தபோது அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரான செரா மான்சாவுக்கு வருவார். ஏதாவது ஒரு பிள்ளை ஒற்றைச் செருப்போடு நின்று மற்றதைத் தேடினாலும், அது கிடைக்கும்வரை பஸ் நகராது. தலைமை ஆசிரியை தினமும் கத்துவார். இவர் தலையைத் தலையை ஆட்டுவார். மறுநாளும் அதே கதைதான்.

இப்படிப்பட்ட மனிதர் மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பக்கத்து நகரமான காஷியாஸில் 'ஆட்காட்டிகள்' என்று ஒரு பெரிய கிளப். மேய்ச்சல் வெளியில் யாரைக் கண்டாலும் கத்தித் தீர்க்குமே, அந்தப் பறவைதான் அவர்களுடைய முதுகுச் சின்னம். அதன் கிளை எங்கள் ஊரிலும் வேண்டும் என்று ஆர்லிந்துவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆள் சேர்த்தார். அழகுநிலையம் வைத்திருந்த நான் சேர்ந்தேன். பல் டாக்டர் ரோமேவு சேர்ந்தார். பிறகு வில்மார். அவன் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். வண்டியின் பக்கவாட்டில், சிலிண்டர் அடுக்க ஓர் இரும்புத் தொட்டியைப் பற்றவைத்திருப்பான். மேடு ஏறும்போது வண்டி ஓடுகிறதா இருமுகிறதா என்று தெரியாது.

எங்களைப் பார்வையிட வந்த காஷியாஸ்காரர் அந்தத் தொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க தொடங்குறது கிளப்பா, கேஸ் ஏஜென்சியா?"

"அவன் இல்லாம எனக்குக் கிளையே வேண்டாம் தம்பி," என்றார் ஆர்லிந்து. "மெதுவாத்தான் வருவான். அவனுக்குப் பின்னாடி நான் வர்றேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அந்தப் பிடிவாதத்துக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். கிளையும் கிடைத்தது, ஆர்லிந்துவுக்குக் கடைசி இடமும் கிடைத்தது. வரிசையின் கடைசியில் வருகிறவரை நாங்கள் தாழ்ப்பாள் என்போம். தாழ்ப்பாள் கையை உயர்த்தி, எல்லோரும் வந்தாயிற்று என்று காட்டாமல் முன்னால் நிற்கும் தலைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அந்தத் தலைவர் பதவியை அவர் என் தலையில் கட்டிவிட்டார். பொம்பளையா முன்னால் போவது என்று முணுமுணுத்தவர்களிடம், "அவ வழி தப்பினா நாலு பேரைக் கேப்பா. நீங்க கேப்பீங்களாடா?" என்றார்.

கிளை வளர்ந்தது. கசாப்புக் கடைக்காரர் வந்தார். சொத்துச் சண்டையில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். பேசாமலே பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினார்கள். பஸ்ஸில் செருப்பைத் தேடிய பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு பெரிய பெரிய வண்டிகளோடு வந்தார்கள். அத்தனை வண்டிகளும் வில்மாரின் வேகத்தில்தான் போயாக வேண்டும். எனக்கே எரிச்சலாக வரும்.

ஆர்லிந்து எங்களுக்கு வைத்த சட்டம் இரண்டுதான். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வண்டி ஓட்டாதவர் கிளப்பின் தோல் சட்டையைப் போடக் கூடாது. ரோமேவு வண்டியை விற்ற செய்தி ஒரு விருந்தில் தெரியவந்தது. சுட்ட கறியை வாயில் வைத்திருந்தவரிடம் அப்போதே சட்டைக்காகக் கை நீட்டினார் ஆர்லிந்து.

"தின்னுட்டுத் தர்றேனே?"

"கறி உனக்கு. சட்டை கிளப்புக்கு."

பிறகு ஆர்லிந்துவுக்கே கை நடுங்கத் தொடங்கியது. சிமர்ரோன் என்கிற எங்கள் கசப்புத் தேநீர்க் குடுவை கைக்குக் கை சுற்றி வரும்போது, வெந்நீரும் இலையுமாக மடியில் கொட்டிக்கொள்வார். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்லிந்து என் கடைக்கு வந்து, மடித்த சட்டையைத் துண்டுகளின் மேல் வைத்தார்.

"இதை வச்சுக்கோ நெவுசா."

"இருக்கட்டும்ண்ணே, யாரு கேட்டா இப்ப?"

"ரோமேவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

போய்விட்டார். சட்டை போனதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். அந்தக் கடைசி இடம் இல்லாமல் என்ன செய்வார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயம் பூசிக்கொள்ள உட்கார்ந்திருந்த அம்மாளின் தலை அன்று கத்திரிக்காய் நிறத்தில் முடிந்தது.

ஜூலையில் ஆண்டுவிழா ஊர்வலம். எங்கள் பக்கம் அதுதான் நடுக்குளிர்காலம். ஆர்லிந்து கம்பளிச் சட்டையோடு நடைபாதையில் நின்றார், வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி. நான் முன்னால் நின்று கண்ணாடியில் பார்த்தேன். யாரும் கையை உயர்த்தவில்லை. எப்படி உயர்த்துவார்கள்? புதுத் தாழ்ப்பாளை நான் நியமிக்கவே இல்லை; எனக்கு மனசு வரவில்லை. எல்லா இன்ஜின்களும் உறுமிக்கொண்டிருக்க, கடைசியில் நின்ற வில்மார் தன் வண்டியை அணைத்தான். நான் இறங்கிப் பின்னால் ஓடினேன்.

தொட்டியில் சிலிண்டர் இல்லை. ஆட்டுத்தோல் விரித்திருந்தது.

"ஏறுங்கண்ணே."

"போடா, நான் என்ன சிலிண்டரா?"

"சிலிண்டர் இவ்வளவு பேசாது. ஏறுங்க."

"வண்டி ஓட்டாதவனுக்கு..."

"சட்டை கிடையாது, தெரியும். நான் சட்டையா தர்றேன்? யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்க ஏறாம நான் நகர மாட்டேன். நான் நகராம இவங்க யாரும் போக முடியாது."

கூட்டங்களில் வாயே திறக்காத வில்மார் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆர்லிந்து என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து என் பையிலேயே கிடந்த சட்டையை எடுத்து நீட்டினேன்.

"குளிருதுண்ணே. போட்டுக்கங்க."

"குளிருக்குத்தான்."

"ஆமா, குளிருக்குத்தான்."

தொட்டிக்குள் ஏறினார். எழும்பி எங்கள் வரிசை முழுவதையும் பார்த்தார். பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணியபோது அசைந்த மாதிரி உதடுகள் அசைந்தன. நான் என் இடத்துக்கு ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தேன். கையை உயர்த்தியிருந்தார். கை நடுங்கியது. கையசைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது, நடைபாதையில் நின்ற சனமெல்லாம் பதிலுக்குக் கையசைத்தது.

நான் வண்டியைக் கிளப்பினேன். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் கையை இறக்கவே இல்லை என்று வில்மார் பிறகு சொன்னான்.