பழக்கத்தில் ஊற்றிய பத்து வாளி

ஹட்டன் கடைத்தெருவில் இன்று, மழையில் நனைந்த உருளைக்கிழங்குச் சாக்கின் வாசனை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் அப்படியே எழுந்து நின்றது. ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள்; ஒன்றில் பற்றினால் பன்னிரண்டும் போகும் என்பதால், கொழுந்து பறிக்கும் பெண்களே சேர்ந்து ஒரு தீயணைப்புக் குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை; தலைவி அஞ்சலை அக்கா தட்டத்தைத் தட்ட, தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து வாளிகள் கைமாறிக் கைமாறி வரும், தோள்களில் ஈரச்சாக்கு சொட்டும். பீலிக்குப் பக்கம் என்பதால் பொய்த் தீ எப்போதும் எங்கள் சமையலறையில்தான். எங்கள் வீடு மாதத்துக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

ஒருநாள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம், ஏழாம் வீட்டு மாரியாயி அத்தை அடுப்புக்கு மேல் காயவைத்திருந்த விறகு நிஜமாகவே பற்றிக்கொண்டது. தட்டச் சத்தம் கேட்டதும் குழு ஓடிவந்து, எங்கள் அடுப்பில் பத்து வாளி ஊற்றியது.

"இங்க இல்லடி, ஏழாவது வீட்டுல," என்றார் அம்மா, நனைந்து நின்றபடி.

"கை பழகிப்போச்சுக்கா," என்றபடியே அஞ்சலை அக்கா வரிசையைத் திருப்பினார். எரிந்த விறகை வாசலுக்கு இழுத்துப்போட்டு, சாக்கால் அடித்து, கூரைக்கு ஏறுமுன் அணைத்துவிட்டார்கள்.

களைப்புக்குத் தேத்தண்ணி வைக்கப் பார்த்தால், எங்கள் அடுப்பு பற்றவேயில்லை. வாசலில் கிடந்த கட்டையில் மிச்சமிருந்த தணலை மாரியாயி அத்தை கரண்டியில் ஏந்தி வந்தார். தீயணைப்புக் குழு மொத்தமும் அடுப்பைச் சுற்றிக் குந்தி, கண் சிவக்கச் சிவக்க ஊதி, எங்கள் வீட்டில் தீ மூட்டியது.