விழுந்த மரத்தின் மேல் ஒரு பாஸ்வேர்டு ரீசெட்

1. போன்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் கடைசி சில வருஷங்களாக ஓய்வு பெற்றவர்களின் மெயில் அக்கவுன்ட்தான் என் பொறுப்பு. புது மெயில் சர்வருக்கு மாறியபோது எல்லாரும் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. ஓடிபி போய்ச் சேரும் ரெகவரி நம்பரோ, பலருக்கும் எப்போதோ கைவிட்டுப்போன பழைய சிம். ஆகவே ஊர் ஊராக முகாம் போட்டோம். அன்றைக்குக் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில்.

கூட்டம் சேரும் நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, நான் ஸ்டெல்லா பேசுறேன், விலங்கியல். முகாமுக்குத்தான் வந்துட்டிருந்தேன். பாதி மலையில மரம் விழுந்து பஸ் நின்னுடுச்சு. என் தவளை ஆராய்ச்சிப் பேப்பரோட ப்ரூஃப், அச்சுக்கு முன்னாடி திருத்தறதுக்கு, யூனிவர்சிட்டி மெயிலுக்கு வந்திருக்காம். இன்னைக்குச் சாயங்காலம் லிங்க் மூடிடும். அதுக்குள்ள நான் பார்க்கலேன்னா இருக்கறபடியே அச்சுக்குப் போயிடும்."

ஸ்டெல்லா மேடம் ஓய்வு பெற்றதும் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் வீடெடுத்துத் தங்கிவிட்டவர். பலா மரப் பொந்துகளில் தேங்கும் மழைத்தண்ணீரில் ஒரு குட்டித் தவளை வாழ்கிறது. அதை முதலில் அவருக்குக் காட்டியவர் பொன்னாயி என்கிற விவசாயி. அவர் தோட்டத்துப் பலா மரத்தில்தான் அது கத்திக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, இது இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்று மேடம் நிரூபித்துவிட்டார். அதற்குப் பொன்னாயியின் பெயரையே வைத்திருந்தார்.

"போன்லயே பாஸ்வேர்டு குடுத்துடுங்களேன்" என்றார்.

குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் வேறொரு பேராசிரியர் பெயரில் எவனோ ஒருவன் இப்படியே உருக்கமாகப் பேசி, அவருடைய அக்கவுன்ட்டைத் தட்டிக்கொண்டு போகப் பார்த்தான். அதிலிருந்து முகமும் அடையாள அட்டையும் பார்க்காமல் ரீசெட் கிடையாது என்று ஆகிவிட்டது. வீடியோ கால் போட்டேன். மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

"அங்கேயே இருங்க மேடம், நான் வரேன்."

முகாமைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு லேப்டாப் பையோடு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

2. கொண்டை ஊசி வளைவு

"ஏனுங்க சார், மலை மேல சோளக்காடு வரைக்கும் போவாதுங்க. மரம் கெடக்குதுல்ல, அதுவரைக்குந்தான்" என்றார் கண்டக்டர்.

"அது போதுங்க."

மரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் என் பஸ், அந்தப் பக்கம் மேடம் வந்த பஸ். நடுவில் நாலைந்து பேர் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைகளுக்கு அப்பால் மேடம் கையை ஆட்டினார். பக்கத்தில் ஒரு பெண்மணி.

"நாந்தான் பொன்னாயிங்க. எம் பேரு மெயில்ல வந்திருக்குதாம். டீச்சரம்மா கூட அதப் பாக்க வந்தேன்."

அடிமரத்தின் மேல் லேப்டாப்பை வைத்தேன். நான் நின்ற பக்கம் சமவெளியைப் பார்த்துத் திறந்திருந்ததால் சிக்னல் நன்றாக இருந்தது. மேடம் அட்டையை நீட்டினார். ரெக்கார்டில் இருந்த போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நான்தான் தம்பி. முடிக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார்.

அட்மின் கன்சோலில் பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பரைப் போட்டு ஓடிபி அனுப்பினேன். வரவில்லை. மேடம் நின்ற இடம் பாறைச் சுவரை ஒட்டி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது.

"மேல ஏறுங்க டீச்சரம்மா, நான் புடிச்சுக்கறேன்" என்று பொன்னாயி அவரை மரத்தின் மேல் ஏற்றினார். இரண்டு பஸ் ஜனமும் வேடிக்கை பார்க்க, மேடம் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் மறுபடி அனுப்பினேன்.

'டிங்' என்றது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள்.

"இப்ப புது பாஸ்வேர்டு போடுங்க மேடம்" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். உடனே நாலு பக்கமிருந்தும் யோசனை வந்தது. "மொளகுன்னு போடுங்க!" "பலாப்பழம்னு வைங்க, மறக்காது!"

பொன்னாயி அதட்டினார். "அட, அது ஊட்டுச் சாவியாட்டங்க! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

டிரைவர், கண்டக்டர், மரம் வெட்டுகிறவர்கள், அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். நானும்தான். என் சர்வீஸில் அவ்வளவு பத்திரமாக யாரும் பாஸ்வேர்டு போட்டு நான் பார்த்ததில்லை.

மெயில் திறந்தது. ப்ரூஃபும் திறந்தது. மேடம் திரையை உற்றுப் பார்த்தார்.

"ஐயையோ! பொன்னாயின்னு எழுதிக் குடுத்தேன், 'பொன்னி'ன்னு மாத்திட்டாங்களே! அச்சுல எது வருதோ அதுதான் நிக்கும். அப்புறம் நினைச்சபடி திருத்த முடியாது."

பொன்னாயி இடுப்பில் கை வைத்தார். "பொன்னி எங்க நாத்தனா பேருங்க! அவளுக்குத் தவளைன்னாலே ஆவாதே!"

கூட்டம் சிரித்தது. மேடத்துக்கும் எனக்கும் சிரிப்பு வரவில்லை. தலைப்பிலும், சுருக்கத்திலும், படத்துக்குக் கீழேயும் அதே தவறு. மேடம் மரத்தில் உட்கார்ந்தபடி எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவரே தேடிப் பார்த்துவிட்டு 'சப்மிட்'டை அழுத்தினார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, திருத்தங்கள் கிடைத்தன என்று திரையில் வந்தது.

பொன்னாயி குனிந்து திரையைப் பார்த்தார். தன் பெயர் எது என்று கேட்டார். மேடம் விரல் வைத்துக் காட்டினார்.

"இனி யாரும் மாத்த முடியாதில்லீங்க, சாமி?"

"முடியாதுங்க" என்றேன்.

"அப்பச் சரி. நாத்தனாகிட்ட இன்னைக்கே சொல்லிப்போடறேன்."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஏதோ நானே ஒரு தவளையைக் கண்டுபிடித்துவிட்டது போலத்தான் இருந்தது.

3. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

அடுத்த முகாமைச் சோளக்காட்டிலேயே போட்டோம். மலைக்காரர்களைக் கீழே வரச் சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாளிலேயே ரெகவரி நம்பரைச் சரிபார்த்து அனுப்புவதும் வழக்கமானது.

குரல் எவ்வளவு பழகியதாக இருந்தாலும் போனில் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். ஆனால் "ரூல்ல இடமில்லீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ரூலை மீறாமல் அந்த மனிதரிடம் எப்படிப் போய்ச் சேரலாம் என்று பாருங்கள். அன்றைக்கு பஸ் கிடைக்காமல் போயிருந்தால், லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வளைவுகளை நடந்தே ஏறியிருப்பேன்.